நோயின் வேர் தேடிய மருத்துவர்

நுழையும்முன்

மழை எல்லா நிலத்திலும் ஒன்றுபோலவே பெய்கிறது. ஆயினும், நீர் பள்ளத்தில்தான் தேங்குகிறது. நோயும் யாரையும் தேடி வரலாம். ஆனால், அது நெடுநாள் தங்குவதும் உயிரைக் கொண்டுபோவதும் பெரும்பாலும் இல்லாதவர் வீட்டில்தான். உடலுக்கு மருந்து கொடுத்த கையாலேயே சமூகத்தின் குறைகளுக்கும் மருந்து தேடிய மருத்துவர் ஒருவரின் வாழ்வை இப்பாடம் கூறுகிறது.

கரிசல் நிலத்தின் கணக்கு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் எனப் பரந்து கிடக்கும் கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே அங்கு ஆண்டு முழுவதற்குமான நம்பிக்கை. கம்பும் சோளமும் உளுந்தும் பாசிப்பயறும் பருத்தியும் மானாவாரியாக விளையும். மழை பொய்த்த ஆண்டில் விதைத்த விதையும் வீடு திரும்பாது. அப்போது உழவுக் குடும்பத்துப் பெண்கள், ஊரார் தீப்பெட்டி ஆபீஸ் என்று அழைக்கும் ஆலைகளை நாடிச் செல்வர். வீட்டிலிருந்தபடியே பெட்டி ஒட்டுவோரும் உண்டு.

களையெடுப்புக்கும் பருத்தி எடுப்புக்கும் வெயிலில் குனிந்து நிற்கும் பெண்களுள் பலர்க்கு வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் பசியை மறக்கச் செய்யும் துணை. அப்படிப்பட்ட ஒருத்தியின் கன்னத்தின் உட்புறத்தில் சிறு புண் ஒன்று தோன்றுகிறது என்று கொள்வோம். வலி இல்லை, ஆனால், புண் ஆறவும் இல்லை. நகரத்து மருத்துவமனைக்குச் சென்றால் ஒருநாள் கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். பேருந்துக் கட்டணம் தனி. பருத்தி எடுப்பு முடியட்டும் என்று அவள் காத்திருக்கிறாள். பிறகு பொங்கல் கழியட்டும் என்கிறாள். பின்னர்ப் பிள்ளையின் படிப்புச் செலவு முன்னே வந்து நிற்கிறது. இவ்வாறு மாதங்கள் நகர்கின்றன, புண்ணும் வளர்கிறது. ஒரு மாதத்தில் எளிதாகத் தீர்ந்திருக்கக்கூடிய நோய், ஓராண்டில் உயிருக்கே உலை வைக்கிறது.

இறுதியில் மருத்துவக் குறிப்பேட்டில் எழுதப்படும் காரணம் வாய்ப்புற்றுநோய் என்பதாகவே இருக்கும். ஆனால், அவளை அந்நிலைக்குக் கொண்டுவந்தது உடலில் தோன்றிய கட்டி மட்டுமா? கூலியும் தொலைவும் பசியும் அறியாமையும் அதில் பங்குகொள்ளவில்லையா? இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் விடாது பற்றி நின்றவர் மருத்துவர் முத்துலட்சுமி.

இளமையும் கல்வியும்

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி, மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள், இசையையும் நடனத்தையும் வாழ்வாகக் கொண்ட மரபில் தோன்றியவர். அத்திருமணத்தை ஏற்காத சுற்றத்தார் தந்தையாரை விலக்கி வைத்தனர். ஒருவர் பிறந்த குலத்தையும் பெண் என்ற நிலையையும் கொண்டே அவருடைய வாழ்வின் எல்லையைச் சமூகம் வகுத்துவிடுகிறது என்பதை, முத்துலட்சுமி தம் வீட்டு முற்றத்திலேயே கற்றுக்கொண்டார்.

பருவமெய்திய பெண்கள் பள்ளிக்குச் செல்லும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. எனவே, அவர் வீட்டிலிருந்தே படித்துப் பள்ளியிறுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றார். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் அவர் சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் அவருக்கு இசைவளித்தார். கல்லூரியின் கதவு ஒரு பெண்ணுக்காக முதன்முறையாகத் திறந்தது.

1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அவர், 1912ஆம் ஆண்டு பரிசுகளும் பதக்கங்களும் பெற்று மருத்துவப் பட்டம் பெற்றார். சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியேற்ற முதற்பெண் அவரே. 1914ஆம் ஆண்டு மருத்துவர் சுந்தரரெட்டியை மணந்தார். தம் பணிகளில் தலையிடாமல், தம்மைச் சமமாக நடத்த வேண்டும் என்னும் உடன்பாட்டின்மீதே அத்திருமணம் நிகழ்ந்தது.

மருந்துக்கு அப்பால்

மகப்பேற்று மருத்துவம் அவருக்கு உடற்கூற்றைவிடப் பெரியதொரு பாடத்தைக் கற்பித்தது. பிள்ளைப் பருவம் நீங்கும் முன்பே தாயான சிறுமியர் மருத்துவமனைக்கு வந்தனர். குருதிக் குறைவால் வெளுத்த உடலோடு அடுத்தடுத்துப் பிள்ளை பெற்ற பெண்கள் வந்தனர். மருந்து கொடுத்து அனுப்பினால் சில மாதங்களில் அதே நோயோடு திரும்பினர். அவர்கள் திரும்பிச் சென்ற வீட்டில் உணவு மாறவில்லை; உழைப்பு குறையவில்லை; உரிமையும் கூடவில்லை. நோயாளியை நோய் உண்டான இடத்துக்கே மீண்டும் அனுப்பிவைப்பது மருத்துவத்தின் பாதிப் பணிதான் என்பதை அவர் உணர்ந்தார். மீதிப்பணி மருத்துவமனைக்கு வெளியே இருந்தது.

1925ஆம் ஆண்டு பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றிய மேற்பயிற்சிக்காக அவர் இங்கிலாந்து சென்றார். 1926ஆம் ஆண்டு பாரிசு நகரில் நடைபெற்ற பன்னாட்டுப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டிலும் பங்கேற்றார். தாயகம் திரும்பியபின், இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் சென்னை சட்ட மேலவைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1927ஆம் ஆண்டு அவையின் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நன்கு நடந்துகொண்டிருந்த மருத்துவத் தொழிலின் நேரத்தைப் பொதுப்பணிக்குப் பகிர்ந்தளிக்க அவர் முதலில் தயங்கினார். எனினும், ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவரைவிட, ஒரு நல்ல சட்டம் மிகப் பலரைக் காக்கும் என்பதை அவருடைய பின்னாளைய பணிகள் மெய்ப்பித்தன.

அவையில் அவர் எழுப்பிய கோரிக்கைகளை ஒருசேர நோக்கினால் அவை ஒரு மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டைப் போலவே தோன்றும். பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ ஆய்வு வேண்டும். குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும். ஏழைப் பெண்பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வேண்டும். பெண்களின் திருமண வயது உயர வேண்டும். கோவில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிய வேண்டும். இளமை மணத்தைத் தடைசெய்யும் சட்டம் 1929ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் நெடியது. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது முழு வெற்றி கண்டது. காந்தியடிகள் 1930ஆம் ஆண்டு சிறைப்பட்டபோது அவர் தம் பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்கும் சிறுமியருக்கும் அவர் உருவாக்கிய ஔவை இல்லமும் அக்காலத்திலேயே தோன்றியது.

தங்கையின் மறைவு

பிறர் துயரைத் துடைத்த அம்மையாரின் வீட்டிலும் துயர் புகுந்தது. அவருடைய இளைய சகோதரி மலக்குடல் புற்றுநோய்க்கு ஆளானார். நோய் இன்னதென்று தெளிந்தபோது காலம் கடந்திருந்தது. மருத்துவராகிய தமக்கை அருகிலிருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை.

இந்நிகழ்ச்சி அம்மையாரின் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று. கற்ற குடும்பத்துப் பெண்ணுக்கே நோய் காலந்தாழ்ந்து தெரியவந்ததென்றால், மருத்துவரையே காணாத சிற்றூர்ப் பெண்ணின் நிலை என்னவாகும்? இங்கிலாந்தில் தங்கியிருந்த நாள்களில் புற்றுநோய்க்கென அமைந்த மருத்துவமனையின் பணியை அவர் கூர்ந்து கற்றதற்கு இவ்வினாவே தூண்டுகோலாயிற்று. அத்தகைய மருத்துவமனை தமிழ் மண்ணிலும் எழ வேண்டும் என்று உறுதிகொண்டார்.

அடையாற்றில் எழுந்த ஆலமரம்

1935ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அவர் இக்கருத்தை முன்வைத்தார். புற்றுநோய் தீராத நோய். அதற்குச் செலவிடுவது வீண் என்ற எண்ணம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. அவ்வெண்ணத்தின் உள்ளே ஒளிந்திருந்த அநீதியை அம்மையார் கண்டார். செல்வர் கப்பலேறிச் சென்று மருத்துவம் பெறுவர்; ஏழைக்கு மட்டுமே அது தீராத நோய்.

ஏறத்தாழ இருபதாண்டு அலைச்சல் தொடர்ந்தது. இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டப்பட்டது. பெருந்தொகை தந்தோரும் இருந்தனர். சிறுதொகை தந்தோரும் இருந்தனர். 1952ஆம் ஆண்டு தலைமையமைச்சர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. அப்போது அம்மையாருக்கு அகவை 67. அயல்நாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவருடைய மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து இணைந்த மருத்துவர் சாந்தாவும் அந்நிறுவனத்தைத் தோளில் சுமந்து வளர்த்தனர்.

பணமில்லை என்பதற்காக எந்த நோயாளியும் திரும்பிச் செல்லக்கூடாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. பெரும்பகுதியினர் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ மருத்துவம் பெற்றனர். நடுவண் அரசு 1956ஆம் ஆண்டு அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் நட்ட கன்று அதற்குள் வேர்பிடித்துவிட்டது.

தெரிந்து தெளிவோம்

1775ஆம் ஆண்டு இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கிகளைத் துப்புரவு செய்வோரிடையே ஒருவகைத் தோல் புற்றுநோய் மிகுதியாக இருப்பதைக் கண்டறிந்தார். அவர்கள் வறுமையால் சிறுவயதிலேயே அத்தொழிலுக்கு அனுப்பப்பட்டவர்கள். பல்லாண்டு உடலில் படிந்த கரியே நோய்க்குக் காரணம். தொழிலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உலகுக்கு முதலில் உணர்த்திய ஆய்வு இதுவே.

எண்கள் உரைக்கும் உண்மை

அம்மையார் மறைந்தபின் அவர் நிறுவிய மருத்துவமனை மற்றுமொரு பணியை மேற்கொண்டது. 1981ஆம் ஆண்டு தொடங்கிய சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு, நகரில் யார்யாருக்கு எவ்வகைப் புற்று தோன்றுகிறது என்பதை ஆண்டுதோறும் எண்ணி எழுதத் தொடங்கியது. தொடக்கத்தில் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றே முதலிடம் பெற்றிருந்தது. பின்வந்த ஆண்டுகளில் அதன் அளவு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. மார்பகப் புற்று அதனை முந்தி மேலேறியது.

கருப்பைவாய்ப் புற்றுக்கு ஒருவகைத் தீநுண்மி காரணம். எனினும், இளவயது மணம், பல மகப்பேறுகள், தூய்மைக்கு வேண்டிய நீர் வசதியின்மை, ஊட்டக்குறைவு ஆகியவை நிலவும் இடத்தில் அந்நோய் மிகுந்து காணப்படுகிறது. பெண்கல்வி வளர்ந்து, திருமண வயது உயர்ந்து, பிள்ளைப்பேறு குறைந்த தலைமுறையில் அந்நோய் தணிந்தது. இக்குறைவுக்கு வாழ்க்கைநிலையில் ஏற்பட்ட மாற்றம் முதன்மையான காரணம் என ஆய்வாளர் கருதுகின்றனர். ஒருகாலத்தில் சட்ட அவையில் திருமண வயதுக்காகவும் பெண்கல்விக்காகவும் எழுந்த குரல், அரை நூற்றாண்டுக்குப்பின் புற்றுநோய்ப் பதிவேட்டின் எண்களில் எதிரொலித்தது.

ஆயினும், வளம் பெருகினால் நோய் ஒழிந்துவிடும் என்று கருதுவதும் பிழை. உடலுழைப்புக் குறைவு, உணவுமுறை மாற்றம், காலந்தாழ்ந்த மகப்பேறு ஆகியவற்றோடு மார்பகப் புற்றும் நீரிழிவும் குருதி மிகையழுத்தமும் வளர்கின்றன. கம்பும் சோளமும் இருந்த கரிசல் வீட்டுத் தட்டிலும் இன்று தீட்டிய வெள்ளரிசியே நிறைந்திருக்கிறது. முன்பு செல்வர் நோய் எனப்பட்ட நீரிழிவு இன்று கூலி வீட்டையும் விட்டுவைக்கவில்லை. செல்வர் மாதந்தோறும் குருதியை ஆய்ந்து மருந்துண்டு நெடுநாள் வாழ்கின்றனர். நாட்கூலி பெறுவோர், காலில் புண் தோன்றிய பின்னரே நோயை அறிகின்றனர்.

உலகம் கண்ட உண்மை

இவ்வுண்மை ஏழை நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் அரசு அலுவலர்களிடம் 1967ஆம் ஆண்டு தொடங்கிய நெடிய ஆய்வொன்று, மேல்நிலை அலுவலரைவிடக் கடைநிலை ஊழியரிடையே இதயநோய் இறப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுந்திருப்பதைக் காட்டியது. அவர்களுள் எவரும் பட்டினி கிடந்தவர் அல்லர். ஒரே நகரில், ஒரே அரசின்கீழ்ப் பணியாற்றியவர்கள். பதவி ஒவ்வொரு படி இறங்கும்போதும் இறப்பு ஒரு படி ஏறியது. புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிய பின்னும் வேறுபாடு முற்றிலும் மறையவில்லை. அவ்வாய்வுகளில் பெரும்பங்காற்றிய மைக்கேல் மார்மட்டின் தலைமையில் உலக நலவாழ்வு நிறுவனம் அமைத்த ஆணையம், மக்கள் பிறந்து, வளர்ந்து, உழைத்து, முதுமையுறும் சூழலே அவர்களின் நலத்தைப் பெரிதும் வகுக்கிறது என 2008ஆம் ஆண்டு அறிவித்தது.

அதே உண்மையின் நம்பிக்கை தரும் பக்கத்தைத் தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டம் காட்டியது. அங்குச் சிற்றூர்ப் பெண்கள் ஏறத்தாழ 80,000 பேரை உள்ளடக்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் எளிய முறையால் கருப்பைவாயைப் பரிசோதித்தனர். மாற்றம் தென்பட்டவர்களுக்கு உடனே மருத்துவம் அளிக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, பரிசோதனை நடந்த பகுதியில் அந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலேயே இது நிகழ்ந்தது. மருத்துவமனையை நோக்கி மக்கள் வரும் வரை காத்திராமல், மக்களை நோக்கி மருத்துவம் சென்றதே அதன் சிறப்பு.

கரிசலை அடைந்த பெயர்

மகப்பேற்றுக் காலத்தில் ஏழைப் பெண்கள் கூலி வேலையை விட்டு ஓய்வெடுக்கவும் சத்துணவு உண்ணவும் தமிழ்நாடு அரசு நிதியுதவி அளித்து வருகிறது. அத்திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கியுள்ளது. 2018ஆம் ஆண்டு அத்தொகை 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நோயைத் தடுக்கச் சில வேளைகளில் மாத்திரையைவிடக் கூலிக்கு ஈடான பணமே சிறந்த மருந்து என்னும் உண்மை அத்திட்டத்தில் அடங்கியிருக்கிறது. 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், நீரிழிவுக்கும் குருதி மிகையழுத்தத்துக்கும் உரிய மருந்துகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கிறது. ஒருநாள் கூலியை இழக்காமல் மருந்து பெறுவது கரிசல்காட்டு உழைப்பாளிக்குச் சிறிய உதவி அன்று.

புதுக்கோட்டையிலிருந்து கரிசல் சிற்றூர் தொலைவில் இருக்கலாம்; அடையாறோ ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஆயினும், கோவில்பட்டிப் பக்கம் களையெடுக்கும் பெண் ஒருத்தி பேறுகாலத்தில் தன் வங்கிக் கணக்கில் வந்து சேரும் பணத்தால் சில வாரங்கள் குனியாமல் இளைப்பாறும்போது, அம்மையாரின் பணி அங்கும் நடைபெறுகிறது. அவளுடைய தாய்க்கோ அத்தைக்கோ கன்னத்தில் ஆறாத புண் தோன்றினால், பருத்தி எடுப்பு முடியும் வரை காத்திராமல் அன்றே மருத்துவரைக் காணும் நிலை வர வேண்டும். அந்நாளின் கூலி அவர்களுக்கு இழப்பாகாத நிலையும் உடன் வர வேண்டும். அது வரும் வரை அம்மையார் தொடங்கிய பணி முடிந்ததாகாது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் மக்கள் மருத்துவமனைக்குச் செல்லக் காலந்தாழ்த்துவதற்கான காரணங்களைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து பட்டியலிடுக. அவற்றுள் உடல் சார்ந்தவை எவை, பொருளாதாரம் சார்ந்தவை எவை, சமூகம் சார்ந்தவை எவை எனப் பிரித்து எழுதுக.

2. முத்துலட்சுமி அம்மையாரின் சட்ட அவைப் பணிகளையும் மருத்துவப் பணிகளையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே நோக்கத்தின் இரு கிளைகள் என்பதை வகுப்பில் விளக்கிப் பேசுக.